நின்று நிதானமாகத் தீ மிதித்தவர்

என் இடது காலில் இப்போது இரண்டு விரல்கள்தான். மற்ற மூன்றும் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியின் எனாமல் தட்டில் போய்விட்டன. வெட்டி எடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவை எதனால் போயின என்று அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் நான்கு வருஷம் ஆனது.

பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, குண்டு பட்டதா என்றுதான். பட்டிருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குண்டு பட்டால் ஓட்டை இருக்கும். ஆபீசர் குனிந்து பார்த்து, ஆமாம் ஓட்டைதான் என்று எழுதிவிடுவார். குளிர் ஓட்டை போடுவதில்லை. உள்ளே போய் நரம்பைக் கொன்றுவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுகிறது. பிறகு நாம்தான் காலைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய், ஐயா, இங்கே ஒன்று செத்துக் கிடக்கிறது என்று சாட்சி சொல்ல வேண்டும்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பழுப்பு உறையோடு, காலை இழுத்துக்கொண்டு நிற்கும் பழைய சிப்பாய்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆபீசர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. படிக்க மாட்டார்கள். என் மனுவையே அவர்கள் முழுதாகப் படித்ததில்லை.

என் பெயர் கலியமூர்த்தி. கம்மாபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்தவன். சீனச் சண்டை முடிந்த மறு குளிர்காலத்தில் என்னை வடக்கே ஒரு மலைக் காவல் முகாமுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டால் அதுதான் குளிர். அங்கே கொடுத்த பூட்ஸோ சமவெளியில் அணிவகுப்புக்குப் போட வேண்டிய பூட்ஸ். ஒரு நாள் மேல் முகாமுக்கு அரிசி சுமந்து போகும்போது ஓடை ஒன்றில் முழங்கால் வரை இறங்கினோம். பனி கொட்டி வழி மூடிவிட்டது. ஈரக் காலுறையோடு இரண்டு நாள் ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் பூட்ஸைக் கழற்றியபோது இரண்டு பாதங்களும் வெள்ளைக் களிமண் மாதிரி இருந்தன. தொட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ தொடுவது போல இருந்தது.

கொப்புளம் வந்தது, தோல் உரிந்தது, முகாமில் இருந்த மருந்துக்காரர் பவுடர் தூவிக் கட்டினார். மூன்று வாரத்தில் கால் பழைய நிறத்துக்கு வந்தது. நல்லாகிவிட்டது என்று அவர் ஒரு நோட்டில் எழுதினார். அந்த நோட்டு எந்தப் பனியில் புதைந்ததோ, கடைசி வரை கிடைக்கவில்லை. குளிருக்கு நல்லது என்று ஹவில்தார் எனக்கு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்தார். அதற்கு முன் நான் புகைத்தவன் இல்லை. வாரா வாரம் பருப்போடும் வெல்லத்தோடும் சிகரெட் பாக்கெட்டும் ரேஷனில் வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பட்டாளத்தை விட்டு வரும் நாளில் எங்களை ஒரு டாக்டர் முன்னால் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஏதாவது தொந்தரவு உண்டா என்று இந்தியில் கேட்டார். உண்டு என்றவர்களைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு அன்றைய ரயில் கிடைக்காது. எனக்கு ஊரில் மாமா மகள் தனத்தோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். ஒன்றுமில்லை சாப் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன். நான் இதுவரை சொன்ன முட்டாள்தனமான பதில்களில் அதற்குத்தான் முதல் இடம்.

விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் ஆலையில் வேலை கிடைத்தது. ஊறுகாய் ஜாடி, கரண்ட் கம்பத்தில் வைக்கும் பீங்கான், டீக்கடைக் கோப்பை எல்லாம் செய்வோம். சுட்டு முடிந்த சூளையை ஆற விட்டுத்தான் திறக்க வேண்டும். முதலாளிக்கு எப்போதும் அவசரம். அரைகுறையாக ஆறியதும் யாராவது உள்ளே இறங்கிச் சரக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் சாக்கை நனைத்துக் காலில் சுற்றிக்கொண்டும் தயங்குவார்கள். நான் சாதாரண ரப்பர் செருப்போடு இறங்கிவிடுவேன். பட்டாளத்துக்காரன் என்றால் சும்மாவா என்று மேஸ்திரி பெருமையாகச் சொல்வார். நானும் வீரன் என்றே நினைத்துக்கொண்டேன். செருப்பு உருகி ஒட்டிக்கொண்டதுகூடத் தெரியாத வீரன்.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. ஜங்ஷனிலிருந்து ஆலைக்கு நடக்கும்போது பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். ரோட்டில் சும்மா நின்றால் ஆட்கள் பார்ப்பார்களே என்று சினிமா போஸ்டர் ஒட்டிய சுவராகப் பார்த்து நிற்பேன். நான் பெரிய சினிமாப் பைத்தியம் என்று ஆலையில் பேச்சு. படத்துக்கு நான் போனதே இல்லை.

தனம்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு நாள் அடுப்பிலிருந்து தெறித்த கங்கு என் பாதத்தின் மேல் கிடந்தது. நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். தோல் கருகும் வாடை அவளுக்குத்தான் வந்தது. அவள் கங்கைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்து பத்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் கால் மரத்துப் போனது என்று ஒருவன் சொன்னால் கேட்பவன் மனசில் ஒரே ஒரு நோய்தான் வரும். பெருவியாதி என்கிற குஷ்டம். தண்ணீர்க் குடத்தைத் தனியாக வைப்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். யாரிடமும் சொல்லாதீர்கள், டாக்டரிடம்கூட வேண்டாம் என்று தனம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்போது அவள் தங்கை மல்லிகாவுக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் காற்றுக்கு யார் சொன்னார்களோ, மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் போய்விட்டது. பெரிய மருமகன் காலை இழுத்து நடக்கிறானாமே, ஆறாத புண் இருக்கிறதாமே என்று கேட்டு அனுப்பினார்கள். என் மாமா நேராக விருத்தாசலம் வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"மாப்ள, இந்த வருஷம் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கிங்க. ஊரு முன்னாடி ரெண்டு காலாலயும் எறங்கி நடங்க. அப்பறம் எவன் பேசறான்னு பாக்குறன்."

எங்கள் ஊர் திரௌபதை அம்மன் கோயிலில் வருஷா வருஷம் தீமிதி உண்டு. காப்புக் கட்டி விரதம் இருந்து, மஞ்சள் துணியோடு குழியில் இறங்குவார்கள். உடம்பில் குற்றமோ பெரிய நோயோ உள்ளவனை அம்மன் இறங்க விடமாட்டாள் என்பது ஊரின் நம்பிக்கை. ஆக, நெருப்பில் இறங்கி வந்தவனுக்கு அதைவிட மேலான சர்டிபிகேட் எந்த டாக்டரும் தர முடியாது. அம்மனை நான் குறை சொல்லவில்லை. அவள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது மாமா.

இறங்கினேன். எல்லாரும் ஓடினார்கள், நான் நடந்தேன். பாதிக் குழியில் எனக்கு முன்னால் போனவரின் இடுப்புத் துணி அவிழ்ந்துவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார். அவர் நகரும் வரை நான் நின்றேன். ரேஷன் கடை வரிசையில் நிற்பது போலக் கங்கின் மேல் நின்றேன். அவர் நகர்ந்ததும் மெதுவாக நடந்து, கடைசியில் இருந்த பால் குழியில் காலை வைத்து ஏறினேன். சுற்றிலும் குலவை. என்னைவிட வயதில் மூத்த பெண்கள் என் காலில் விழுந்தார்கள். குழியின் எதிர்ப்பக்கம் நின்ற தனம் மட்டும் விழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மல்லிகாவின் கல்யாணம் நடந்தது. கல்யாண வீட்டில் நான் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தபோது வேட்டிக்குள் இடது பாதத்தில் முட்டை அளவு கொப்புளம் உடைந்து ஊறிக்கொண்டிருந்தது. மஞ்சள் பற்றுப் போட்டோம், வேப்பெண்ணெய் போட்டோம். கடைசி மூன்று விரல்கள் முதலில் ஊதாவாயின, பிறகு கறுத்தன. கறுத்த பிறகு தனம் யாரையும் கேட்கவில்லை. பட்டாளத்துப் பழைய காகிதங்களைத் துணிப்பையில் போட்டு என்னை ரயிலேற்றிவிட்டாள்.

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். எல்லாம் ஒரே மஞ்சள் சுவர்தான். காலை ஆறு மணிக்கு வார்டில் கட்டில்களை நூல் பிடித்தது போல நேராக்குவார்கள். கட்டிலில் கிடப்பவன் கோணிக்கொண்டு கிடந்தாலும் பரவாயில்லை, கட்டில் நேராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பெஞ்ச். எல்லாப் பெஞ்சிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மதிப்போடு நினைக்கும் ஒரே ஆள் அங்கே இருந்த கேப்டன் டாக்டரம்மா. தமிழ் பேசுவார். என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார், வெந்நீர்க் குழாயையும் ஐஸ் குழாயையும் மாற்றி மாற்றி வைத்தார். கணுக்காலுக்குக் கீழே எல்லாம் எனக்கு ஒன்றுதான். அதிரும் இரும்புக் கவை ஒன்றை எலும்பில் வைத்தார், அதுவும் தெரியவில்லை. பாதத்தின் மேல் விரலை வைத்து வெகு நேரம் நாடி தேடினார். கிடைக்கவில்லை. காலை உயரத் தூக்கச் சொன்னார், வெளுத்துப் போனது. தொங்கவிடச் சொன்னார், செக்கச் செவேலென்று ஆனது. பிறகு முழங்கை, முழங்கால் ஓரங்களில் நரம்பைத் தடவிப் பார்த்தார், முதுகெல்லாம் தேமல் தேடினார்.

அன்று தனம் வந்திருந்தாள். டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். என் காலில் இருப்பது இரண்டு கோளாறு. பனியில் நரம்பு செத்ததால் சூடோ முள்ளோ தெரியாது. ரத்தக் குழாய் சுருங்கி அடைத்ததால் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், புண் வந்தால் ஆறாது. ரத்தம் போகாத சதை செத்துப்போவதுதான் அந்தக் கறுப்பு. அதை வைத்திருந்தால் மேலே ஏறும்.

தனம் இதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. "அப்ப அந்த வியாதி இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லைம்மா. நல்லாப் பார்த்துட்டேன். அது இல்லை."

தனம் உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். எனக்கு மூன்று விரல் போகப் போகிறது, அவளோ கோயிலில் வேண்டுதல் பலித்தவள் மாதிரி கண்ணீர் விட்டுச் சிரிக்கிறாள். எத்தனை வருஷமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதுகுப் பக்கமாகத் திறந்து ஒரு நரம்பை வெட்டினார்கள். அதை வெட்டினால் காலின் ரத்தக் குழாய் கொஞ்சம் தளர்ந்து கொடுக்குமாம். கொடுத்தது. பாதம் வெதுவெதுப்பானது என்று நர்ஸ் சொன்னாள். எனக்குத் தெரியாது, நம்பிக்கொண்டேன். விரல்கள் மூன்றையும் பிறகு எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் வலி வரும் என்று பக்கத்துக் கட்டில் சுபேதார் பயமுறுத்தினார். முதுகு வலித்தது. கால் வலிக்கவில்லை. எல்லாரும் பொறாமைப்பட்டார்கள்.

பத்து நாளைக்கு ஒரு முறை தனம் ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே வருவாள். வந்ததும் கட்டைப் பார்க்க மாட்டாள், நல்ல காலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஆலையில் இருந்தவர்கள் வாய் கோணிப்போன கோப்பை ஒன்றை என் பெயர் எழுதிச் சுட்டு அவளிடம் கொடுத்தனுப்பினார்கள். விற்க முடியாத சரக்கு என்று முதலாளி கழித்துப்போட்டது. வார்டில் எல்லாரும் தகர மக்கில் டீ குடிக்க, நான் பீங்கானில் குடித்தேன். அந்த மூன்று மாதத்தில் எனக்கு இருந்த ஒரே கௌரவம் அது.

ஊனப் பென்ஷனுக்கு மனு போடச் சொன்னது டாக்டரம்மாதான். அதற்கு ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். இந்த நோய் பட்டாள வேலையால் வந்ததா, இல்லையா? வேலையால் வந்தது என்று போர்டு எழுதினால் பென்ஷன். இல்லை என்று எழுதினால் வந்த வழியே ரயில். போர்டு என்பது மூன்று டாக்டர் ஆபீசர்கள் ஒரு மேஜையின் ஒரு பக்கமாக உட்காருவது. பட்டாளத்தை விட்டு வந்த நாளிலிருந்தே எனக்குக் கால் கோளாறு இருந்தது என்று ஊர் அதிகாரி ஒருவர் எழுதிக் கொடுத்தால் மனு பலப்படும் என்றார்கள். தனம் எங்கள் ஊர்க் கிராம முன்சீப்பிடம் போனாள்.

முன்சீப் கெட்டவர் இல்லை. விஷயம் வேறு. முப்பது வருஷமாகச் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கிறவர். அவருக்குச் சர்டிபிகேட் என்றால் புகழ்ச்சி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா, ரயில்வே வேலைக்கா, ஜாமீனுக்கா, எதற்கானாலும் ஒரே பாட்டுத்தான். இன்னாரை எனக்குச் சிறு வயது முதல் தெரியும், ஒழுக்கமானவர், திடகாத்திரமானவர். கால் கோளாறு என்று ஒருவனைப் பற்றி எழுதுவது அவனைத் திட்டுவது என்று அவருக்கு நினைப்பு. ஊருக்கே பெருமை தேடித் தந்தவனைத் திட்டி எழுத அவருக்கு மனசு வரவில்லை. நல்ல தாளில், ஹெட்மாஸ்டரை வைத்து அழகான இங்கிலீஷில் எழுதிச் சீல் குத்தி, நேராக ஆஸ்பத்திரிக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார். தனத்திடம் காசுகூட வாங்கவில்லை.

போர்டு கூடிய அன்று நான் ஊன்றுகோலோடு நின்றேன். தலைவராக இருந்தவர் ஒரு கர்னல். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் ஷூ. என் காலைவிட அதைத்தான் அவர் அதிகம் பார்த்தார். காலின் கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, வாய்விட்டுப் படித்தார். முன்சீப் எழுதியது. மேற்படி கலியமூர்த்தி இந்த வருஷம் எங்கள் கோயில் நெருப்புக் குழியில், மற்றவர்கள் ஓடியபோதும், தாம் நின்று நிதானமாக இரண்டு கால்களாலும் நடந்து சாதனை செய்தார், ஆகவே அரசாங்க உதவி எல்லாவற்றுக்கும் தகுதியானவர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நெருப்பில் நடக்கிற கால், வேலைக்கு நடக்காதா என்று கர்னல் இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். போகலாம் என்று கையைக் காட்டினார்.

உத்தரவு எட்டு மாதம் கழித்து வந்தது. அதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். தீ மிதிக்கும் அளவுக்கு மனுதாரரின் கால்கள் திடமாக இருந்திருக்கின்றன. இது முதல் காரணம். விரல்கள் போனது சொந்த மதச் சடங்கில் அவரே ஏற்படுத்திக்கொண்ட தீக்காயத்தால். இது இரண்டாவது. அதாவது என் கால் நன்றாக இருந்ததால் நெருப்பில் இறங்கினேனாம், நெருப்பில் இறங்கியதால் கால் கெட்டதாம். இடையில் மலையும் இல்லை, பனியும் இல்லை, அரிசி மூட்டையும் இல்லை. இவ்வளவு படித்த மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் இப்படி ஒரு முட்டாள்தனத்தை உருவாக்க முடியும். தனியாக ஒருவரால் முடியாது.

அப்பீல் போட்டேன். டாக்டரம்மா அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். போகும்முன் எழுதி வைத்த இரண்டு பக்கக் குறிப்பு மட்டும் ஃபைலில் இருந்தது. முன்சீப்பிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். எனக்குக் காலில் உணர்ச்சியே கிடையாது, நெருப்பு தெரியாததால்தான் நடந்தேன், அதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அம்மன் அருளால் நடந்தது என்று நானே சீல் குத்தியிருக்கிறேன், இப்போது இல்லை என்று எழுதினால் அம்மனையே பொய்யாக்குவது ஆகும் என்றார். வேறு யாரும் எழுதித் தரவில்லை. என் காலில் விழுந்து எழுந்தவர்கள் எப்படிச் சாட்சி சொல்வார்கள்?

மாமாவும் வேண்டாம் என்றார். மல்லிகா புகுந்த வீட்டில் இருக்கிறாள், கையில் குழந்தை, இப்போது போய்க் கால் மரத்த கதையை ஊரெல்லாம் சொன்னால் அவள் கதி என்ன என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் மனுவைக் கிழித்துவிடலாம் என்றே இருந்தேன். சூளைக்குள் இனி இறங்க முடியாது. மேஸ்திரி தயவில் உட்கார்ந்து கோப்பைக்குக் காது ஒட்டும் வேலை செய்துகொண்டிருந்தேன். அது எத்தனை நாளைக்கு நிலைக்கும் என்று சொல்ல முடியாது. பென்ஷன் இல்லாவிட்டால் அதற்கு மேல் எங்களுக்கு வழி இல்லை. அப்பீல் தேதி வந்தபோது தனம் தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை.

இந்த முறை வேறு மூன்று ஆபீசர்கள். நடுவில் நரைத்த மீசை பிரிகேடியர் ஒருவர். அவரும் முன்சீப்பின் தாளைத்தான் முதலில் எடுத்தார். அந்தத் தாளில் என்னதான் வசியம் இருந்ததோ. அப்போது கதவருகே நின்ற தனம் உள்ளே வந்துவிட்டாள். சிப்பாய் தடுத்தான். பிரிகேடியர் விடச் சொன்னார். தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒருவரை மொழிபெயர்க்க அழைத்தார்கள். எந்த ஊரம்மா என்று அந்த ஆள் விசாரித்தார், தான் திட்டக்குடி பக்கம் மங்களூர் என்றார். எங்கள் பக்கத்து ஆள். இங்கே சொல்வது நாங்கள் போய் இறங்கும்முன் ஊருக்குப் போய்விடும். தனத்துக்கும் அது புரிந்தது. புடவைத் தலைப்பை முறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"ஐயா, அந்தக் காயிதத்துல நின்னு நிதானமான்னு எழுதியிருக்குதில்லீங்களா. அது நெசம். நான் குழிக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு இருந்தன். எல்லாரும் ஓடுனாங்க. இவரு நெருப்பு மேல நின்னாருங்க. முன்னால போற ஆளு வழி வுடட்டும்னு நின்னாரு. காலுல சூடு தெரியிறவன் நிப்பானாங்க?"

குமாஸ்தா மொழிபெயர்த்தார். யாரும் சிரிக்கவில்லை. தனம் இன்னும் முடிக்கவில்லை.

"மரத்துப் போச்சின்னு இவரு சொல்ல வந்தப்பல்லாம் நான்தான் அடக்கி வெச்சன். பெருவியாதின்னு ஊரு ஒதுக்கிப்புடுமேன்னு பயம். எந் தங்கச்சி கல்யாணம் நின்னுடுமேன்னு பயம். நான் வாய மூடுனதுல அவரு வெரலு போச்சி. அதுக்கு அவரத் தண்டிக்காதீங்க."

பிரிகேடியர் அந்த வரியை மறுபடி படித்தார். உதடு அசைவது தெரிந்தது. பிறகு எழுந்து வந்து, என் பாதத்தைத் தன் கையில் எடுத்து, கோட்டில் குத்தியிருந்த ஊசி ஒன்றை எடுத்துக் குதிகாலில் ஏற்றினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். முதல் போர்டின் கையிலும் அதே தாள்தான் இருந்தது, அதே வரிதான் இருந்தது. இவர் தாளை விட்டு எழுந்து காலைத் தொட்டார். பெரிய வித்தியாசம் அவ்வளவுதான்.

உத்தரவு வந்தது. நரம்புக் கோளாறு பட்டாள வேலையால் வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். ரத்தக் குழாய் அடைப்பு மட்டும் மனுதாரரின் சொந்தப் புகைப் பழக்கத்தால் வந்ததாம். பருப்போடும் வெல்லத்தோடும் யார் கொடுத்த சிகரெட் என்று அதில் இல்லை. ஆகவே சட்டப்படி இன்று என் காலில் நரம்பு அரசாங்கத்துடையது, ரத்தம் என்னுடையது. பாதிப் பென்ஷன். தனத்திடம் படித்துக் காட்டினேன். பாதிக் காலையாவது பட்டாளம் ஏற்றுக்கொண்டதே என்று அவள் நிம்மதியானாள். நான் நிம்மதியாகவில்லை. ஆனால் மாதா மாதம் வாங்கிக்கொள்கிறேன்.

பயந்தது போலவே செய்தி எங்களுக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தது. மல்லிகாவின் மாமியார் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. தனம் டாக்டரம்மா எழுதிய குறிப்பின் நகலை எடுத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்கே போய், படித்தவர் ஒருவரை வைத்து அதை வாசிக்கச் செய்துவிட்டு வந்தாள். இப்போது அந்த அம்மா வந்தால் காப்பிகூடக் குடிக்கிறாள். தனம் தினமும் விளக்கு வைக்கும்முன் என் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து முள், கீறல், கொப்புளம் ஏதாவது உண்டா என்று பார்க்கிறாள். குளிக்கும் வெந்நீரில் முதலில் அவள் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் என் கால் இறங்கலாம்.

போன மாசம் அப்படி அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்சீப் விருத்தாசலம் வீட்டுக்கே வந்துவிட்டார், கூட என் மாமா. தான் எழுதிய சர்டிபிகேட்டில் இருந்த வரியால்தானே பென்ஷன் கிடைத்தது என்று திண்ணையில் உட்காரும்போதே முன்சீப் சொன்னார். அது உண்மைதான். பிறகு விஷயத்துக்கு வந்தார். இந்த வருஷத் தீமிதிக்கு நான் மறுபடி காப்புக் கட்ட வேண்டுமாம். விரல் போன பிறகும் இறங்கினான் என்றால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வருமாம், கோயிலுக்குப் பெருமையாம். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பதில் சொல்லும்முன் தனம் நிமிர்ந்தாள். என் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"அவருக்குச் சூடு தெரியாதுங்க. தெரியிறவங்க யாராச்சும் எறங்குங்க."

முப்பது வருஷமாகத் தீமிதியை முன்னால் நின்று நடத்திய முன்சீப் ஒரு தடவையும் காப்புக் கட்டியதில்லை. அவர் என் காலைப் பார்த்தார். பிறகு செருப்புக்குள் இருந்த தன் காலைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார், காப்பிக்குக்கூட நிற்கவில்லை.